நாடகத் தமிழ் வளர்த்த நல்லாசான் சங்கரதாஸ் சுவாமிகள்

இயல், இசை, நாடகம் என மூன்று கூறுகளாகத் தமிழைப் பகுத்துப் போற்றினர் நம் முன்னோர். இவற்றுள் இயற்றமிழைப் பள்ளிக்கூடங்கள் ஏற்றுக்கொண்டன. இசைத்தமிழைத் திருக்கோயில்களும் இசையரங்குகளும் காத்து வந்தன. நாடகத்தமிழ் மட்டும் நெடுங்காலம் வீடில்லாப் பிள்ளையைப் போல் ஊர் ஊராக அலைந்து, திருவிழாக் காலங்களில் மட்டும் பந்தலும் விளக்கும் பெற்று வாழ்ந்து வந்தது. அந்தப் பிள்ளையைக் கைப்பிடித்து அழைத்துச் சென்று, குளிப்பாட்டி, நல்லாடை உடுத்தி, அவையில் அமர்த்திய பெருமகனார் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள் ஆவார்.

நிபோங் திபால் வட்டாரத்திற்கும் இப்பெரியாருக்கும் நேரடித் தொடர்பு ஏதும் இல்லை. ஆயினும், சென்ற தலைமுறைகளில் இவ்வட்டாரத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அவருடைய கைவண்ணம் புதிதன்று. செபராங் பிறையின் தென்பகுதியில் கரும்புத் தோட்டங்கள் எழுந்த 19ஆம் நூற்றாண்டிலேயே தமிழ்நாட்டிலிருந்து நம்மவர்கள் இங்கு வந்து சேர்ந்தனர். கரும்பு போய் ரப்பர் வந்த பின்னரும் அவர்கள் இம்மண்ணை விட்டு நீங்கவில்லை. மலாயாத் தோட்டங்கள்தோறும் ஒரு கோயில் எழுந்தது. அக்கோயில் திருவிழாக்களில் லயத்துப் பிள்ளைகளும் பெரியவர்களும் ஒன்றுகூடி, விடிய விடிய வள்ளி திருமணமும் பவளக்கொடியும் கண்டு களித்தனர். பகலெல்லாம் பால்மரம் வெட்டிய கைகள் இரவில் வேலேந்தியும் வில்லேந்தியும் நின்றன. அந்நாடகங்களை யார் எழுதியது என்று அன்று கேட்டவர் சிலரே. அவை பெரும்பாலும் சங்கரதாஸ் சுவாமிகளின் ஆக்கங்கள், அல்லது அவர் வகுத்த வழியில் அமைந்தவை.

பிறப்பும் இளமைக் கல்வியும்

தூத்துக்குடிக்கு அருகில் உள்ள காட்டுநாயக்கன்பட்டி என்னும் சிற்றூரில், 1867ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 7ஆம் நாள் சுவாமிகள் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் சங்கரன். தந்தையார் தாமோதரத் தேவர் இராமாயணத்தில் ஆழ்ந்த புலமையுடையவர். ஊரார் அவரை இராமாயணப் புலவர் என்றே அழைத்து வந்தனர். ஆதலால் சங்கரனுக்கு முதற் பள்ளிக்கூடம் தம் வீட்டுத் திண்ணையே ஆயிற்று. காப்பியத்தை எழுத்தாகக் காண்பதற்கு முன்னரே, தந்தையாரின் குரலில் ஓசையாகக் கேட்டு வளர்ந்த பிள்ளை அவர். பிற்காலத்தில் அவர் எழுதிய நாடகங்கள் கண்ணுக்கு மட்டுமன்றிக் காதுக்கும் விருந்தாக அமைந்ததற்கு இவ்விளமைப் பயிற்சியே வித்தாயிற்று எனலாம்.

பின்னர் பழனி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் கற்றார். உடுமலை முத்துசாமிக் கவிராயர் அவருடன் பயின்ற மாணவர். வெண்பாவும் கலித்துறையும் இசைப்பாடலும் பதினாறு வயதளவில் அவருக்குக் கைவந்தன. எனினும் கவிதை அடுப்பை எரிய விடாது என்பதை உணர்ந்திருந்த குடும்பம் அது. சங்கரன் சில காலம் உப்புப் பண்டசாலை ஒன்றில் கணக்கராகப் பணியாற்றினார். பகலில் உப்பு மூட்டைகளின் கணக்கும் இரவில் செய்யுளின் சீர்க்கணக்குமாக அவருடைய இளமை கழிந்தது.

மேடை ஏறிய கணக்கர்

1891ஆம் ஆண்டு தமிழ் நாடக வரலாற்றில் ஒரு திருப்புமுனை ஆகும். அவ்வாண்டில் சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். வழக்கறிஞர்களும் அலுவலர்களும் பட்டதாரிகளும் தொழிலாக அன்றி ஆர்வத்தால் நடிக்கும் சபை அது. அதே ஆண்டில்தான் 24 வயது நிரம்பிய சங்கரன் கணக்கர் வேலையை விட்டு, வயிற்றுப்பாட்டுக்காக ஊர் ஊராகச் செல்லும் தொழில்முறை நாடகக்காரர்களோடு சேர்ந்தார். ஒருவர் கற்றவர்களை நாடகத்திற்கு அழைத்து வந்தார். மற்றவர் நாடகக்காரர்களைக் கற்றவர்களாக்க முனைந்தார். தமிழ் மேடை இவ்விரு கால்களாலும் நடந்தே முன்னேறியது.

அன்றைய நிலைமையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். தெருக்கூத்து பெரும்பாலும் பாட்டாகவே நிகழ்ந்து வந்தது. மராத்திய நாடகக் குழுக்களும் பார்சி நாடகக் குழுக்களும் தமிழகத்திற்கு வந்து, திரைச்சீலையும் காட்சி அமைப்பும் கொண்ட புதிய மேடையைக் காட்டிச் சென்றன. அதனைக் கண்டு தமிழ்க் குழுக்கள் பல தோன்றின. ஆனால் அவர்களிடம் ஒழுங்காக எழுதப்பட்ட நாடக நூல் இல்லை. கதை மட்டும் எல்லோருக்கும் தெரியும். உரையாடலை நடிகர் தமக்குத் தோன்றியவாறு பேசிக்கொள்வார். நல்ல நடிகர் பேசினால் நாடகம் நன்றாயிருக்கும். மற்றவர் பேசினால் கொச்சையும் தகாத நகைச்சுவையும் மலியும். நாடகக்காரன் என்றால் திண்ணையில் உட்கார இடம் கொடுக்கவும் தயங்கிய காலம் அது.

இந்நிலையில் இளைஞர் சங்கரதாஸ் தொடக்கத்தில் நடிகராகவே பெயர் பெற்றார். இராமுடு ஐயர், கலியாணராமையர் ஆகியோரின் குழுவில் இரணியன், இராவணன், எமதருமன், சனீசுவரன் முதலிய அச்சமூட்டும் வேடங்கள் அவருக்கு வந்தன. ஓங்கிய உருவமும் கணீரென்ற குரலும் அவ்வேடங்களுக்கு உயிரூட்டின.

வேடம் கலைந்தது

அவருடைய வாழ்வைத் திருப்பிய நிகழ்ச்சிகள் இரண்டு நாடக உலகில் வழிவழியாகச் சொல்லப்பட்டு வருகின்றன. நளதமயந்தி நாடகத்தில் சனீசுவரனாக இரவெல்லாம் நடித்துவிட்டு, விடியற்காலையில் வேடத்தைக் கலைக்க நீர்நிலைக்குச் சென்றார். தண்ணீர் எடுக்க வந்த கருவுற்ற பெண் ஒருத்தி, அரையிருளில் அக்கோலத்தைக் கண்டு அஞ்சி வீழ்ந்து உயிர் துறந்தாள் என்பர். மற்றொரு முறை, சாவித்திரி நாடகத்தில் எமனாக அவர் பாசக்கயிறு வீசிப் பாய்ந்து வந்தபோது, அவையில் இருந்த கருவுற்ற பெண்ணொருத்திக்குக் கரு கலைந்தது என்றும் கூறுவர்.

தம் திறமையைக் கண்டு பெருமை கொள்வதற்குரிய தருணம் என்று வேறொருவர் எண்ணியிருக்கக்கூடும். சுவாமிகளோ அதனைப் பழியாகக் கொண்டார். அச்சமூட்டும் வேடங்களை அன்றோடு கைவிட்டார். சாமி நாயுடு என்பாரின் குழுவில் சூத்திரதாரராகவும் நாடக ஆசிரியராகவும் மட்டுமே பணியாற்றினார். நாளடைவில் அதனையும் விட்டு, துறவுக்கோலம் பூண்டு, திருத்தலங்களைத் தரிசித்துக்கொண்டு நாட்டைச் சுற்றி வந்தார். சங்கரதாஸ் என்ற பெயரோடு சுவாமிகள் என்ற சொல் சேர்ந்தது இவ்வாறே.

துறவியாகிச் சென்றவரை மீண்டும் கலைக்கு அழைத்து வந்தவர் புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை. கஞ்சிரா என்னும் சிறு தோற்கருவியைக் கச்சேரி மேடைக்கு உயர்த்திய பெருமை அவருக்கு உண்டு. அவர் சுவாமிகளைத் தம் பிள்ளையாகவே ஏற்றுக்கொண்டு, தாள நுட்பங்களைக் கற்பித்து, நாடகத்திற்குத் திரும்புமாறு செய்தார். தந்தையிடம் காப்பியமும் தண்டபாணி சுவாமிகளிடம் யாப்பும் பெற்றவர், இப்போது லயமும் பெற்றார். மீண்டும் நாடக உலகிற்கு வந்தபோது அவர் நடிகராக வரவில்லை, வாத்தியாராக வந்தார். வள்ளி வைத்தியநாதையர், அல்லி பரமேசுவர ஐயர் முதலியோரின் குழுக்களில் ஆசிரியப் பணி புரிந்தார்.

எழுதிக் குவித்த கரம்

சுவாமிகள் இயற்றிய நாடகங்கள் நாற்பதுக்கும் மேற்பட்டவை. வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி, பிரகலாதன், இலவகுசா, சுலோசனா சதி, நல்லதங்காள், சிறுத்தொண்டர் ஆகியவை அவற்றுள் பெரிதும் அறியப்பட்டவை. புராணத்தோடு அவர் நின்றுவிடவில்லை. வடமொழி மிருச்சகடியையும் ஆங்கில ரோமியோ ஜூலியட்டையும் தமிழ் மேடைக்குக் கொண்டுவந்தார். அவர் எழுதியவற்றுள் பல இன்று கிடைக்காமற் போயின என்பது வருந்தத்தக்கது.

அவருடைய நாடகங்களில் வெண்பா, விருத்தம், கலித்துறை, சிந்து, வண்ணம், கீர்த்தனை எனப் பல வகைப் பாடல்கள் இடம்பெறும். இடையிடையே உரைநடை உரையாடல் வரும். திருக்குறளின் கருத்தும் நாலடியாரின் கருத்தும் உரையாடலோடு கலந்து வரும். கல்லாத உழவர் ஒருவர் ஓர் இரவு நாடகம் பார்த்து வீடு திரும்பும்போது, தாம் அறியாமலேயே பத்து அறநூல் கருத்துகளை நெஞ்சில் ஏற்றிக்கொண்டு திரும்புவார். எழுதப் படிக்கத் தெரியாத மக்கள் மலிந்திருந்த நாட்டில் இது எத்துணைப் பெரிய கல்விப் பணி என்பதைச் சொல்லவும் வேண்டுமோ!

வள்ளி திருமணத்தை எடுத்துக்கொள்வோம். தினைப்புனம் காக்கும் வள்ளியிடம் நாரதர் வந்து வாதிடும் பகுதி, வேலனாகவும் வேடனாகவும் விருத்தனாகவும் முருகப்பெருமான் வரும் பகுதி ஆகியவை நம் அனைவருக்கும் தெரிந்தவையே. கந்தபுராணத்தில் அமைந்த இக்கதையை, பாமரரும் சிரித்து மகிழ்ந்து உருகுமாறு அவர் அமைத்தார். நாரதரும் வள்ளியும் புரியும் தருக்கத்தில் ஈடுகொடுக்க வேண்டுமானால், நடிப்பவருக்குப் பாட்டு மட்டும் போதாது. இலக்கியமும் பழமொழியும் நாவில் நிற்க வேண்டும். படிக்காதவர் நாரதராக நிற்க இயலாது என்ற நிலையை அந்நாடகம் உண்டாக்கிவிட்டது.

சிறுவர்களைத் தேடிச் சென்றது ஏன்?

நல்ல நூல் எழுதிவிட்டால் நாடகம் நன்றாகிவிடும் என்று சுவாமிகள் எண்ணியிருந்தால், அவ்வெண்ணம் விரைவில் பொய்த்திருக்கும். புகழ்பெற்ற நடிகர்கள் எழுதிய பாடத்தைப் பேச மறுத்தனர். மேடையிலேயே ஒருவரை ஒருவர் மடக்குவதில் இன்பம் கண்டனர். குடிப்பழக்கமும் நேரந்தவறுதலும் குழுக்களைக் குலைத்தன. முற்றிய மரத்தை வளைப்பதைவிட இளங்கன்றை நட்டு வளர்ப்பதே மேல் என்று அவர் துணிந்தார்.

1910ஆம் ஆண்டில் சமரச சன்மார்க்க நாடக சபை என்னும் பெயரில் அவரே ஒரு குழுவை அமைத்தார். பின்னாளில் இசை நாடக உலகின் ஈடிணையற்ற பாடகராகத் திகழ்ந்த எஸ். ஜி. கிட்டப்பா இளமையில் அங்குப் பயிற்சி பெற்றவர். 1918ஆம் ஆண்டில் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை உருவாயிற்று. சுவாமிகள் அதன் ஆசிரியரானார். நடிப்போர் அனைவரும் சிறுவர்கள். ஆண் வேடமும் அவர்களே, பெண் வேடமும் அவர்களே. பள்ளியில் பயிலும் பருவத்துப் பிள்ளைகளுக்கு முறையாக நாடகம் கற்பித்த தமிழ்ப் பள்ளிகள் என்று இச்சிறுவர் சபைகளைக் கூறினால் அது மிகையாகாது.

அங்குக் கற்றல் எவ்வாறு நடைபெற்றது? பிள்ளைகள் ஆசிரியரோடு ஒரே இடத்தில் உண்டு உறங்கினர். பழைய குருகுலத்தின் அமைப்பு அது. பாடல்களை ஆர்மோனியச் சுருதியோடு மனப்பாடம் செய்தனர். தாளம் தவறாமல் பாடவும், மூச்சைக் காத்துப் பேசவும், ஒலிபெருக்கி இல்லாத அக்காலத்தில் கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவருக்கும் சொல் விளங்குமாறு உச்சரிக்கவும் பழகினர். லகர ளகர ழகர வேறுபாட்டை இலக்கண நூல் சொல்லிக் கொடுப்பதைக் காட்டிலும் மேடை விரைவாகச் சொல்லிக் கொடுத்தது. தவறாக ஒலித்தால் அவையோர் சிரிப்பார்கள் அல்லவா! சுவாமிகள் கண்டிப்பு மிக்கவர். எழுதிய சொல்லை மாற்றிப் பேச அவர் ஒப்புவதில்லை. அதே வேளையில் பிள்ளைகளிடம் தந்தையைப் போல் அன்பு காட்டினார்.

ஒரே இரவில் ஒரு நாடகம்

1918இல் அச்சபையில் சேர்ந்த சகோதரர்கள் தி. க. சங்கரன், தி. க. முத்துசாமி, தி. க. சண்முகம் ஆகியோர். இளையவர் பகவதியும் பின்னர் மேடை ஏறி, டி. கே. எஸ். சகோதரர்கள் என்னும் பெயர் நாடெங்கும் பரவியது. பெண் வேடத்தில் புகழ்பெற்றிருந்த கண்ணுசாமிப் பிள்ளையின் மைந்தர்கள் அவர்கள். அப்போது சண்முகத்திற்கு வயது ஆறுதான்.

அச்சிறுவனின் நினைவாற்றலையும் குரலையும் கண்டு மகிழ்ந்த சுவாமிகள், அவன் தலைமை வேடத்தில் நடிப்பதற்கென்றே ஒரு நாடகம் எழுத விரும்பினார். ஓரிரவு விளக்கின் முன் அமர்ந்தார். பொழுது விடியும்போது அபிமன்யு சுந்தரி என்னும் நாடகம் முழுவதும், பாடலும் உரையாடலுமாக, எழுதி முடிக்கப்பட்டிருந்தது. பிற்காலத்தில் சண்முகம் தம் நாடக வாழ்க்கை வரலாற்றில் இதனை வியந்து பதிவு செய்துள்ளார்.

இந்நிகழ்ச்சியைப் புலமைக்குச் சான்றாகவே பலரும் எடுத்துரைப்பர். அதனினும் மேலான பொருள் ஒன்று இதில் உண்டு. பெரும்புலவர் ஒருவர் ஒரு சிறுவனின் குரல் எட்டும் எல்லையை அறிந்து, அவன் மூச்சு தாங்கும் அளவை அறிந்து, அவனுக்கென்றே ஒரு நூல் யாத்தார். மாணவன் பாடத்திற்காக வளைய வேண்டும் என்பது உலகியல். மாணவனுக்காகப் பாடத்தையே புதிதாக ஆக்கித் தந்தவர் சுவாமிகள். நல்லாசிரியர்க்கு இதனினும் சிறந்த இலக்கணம் வேறென்ன?

இழந்தவையும் உண்டு

சிறுவர் சபைகளைப் புகழ்ந்து கூறும்போது, அவற்றில் பிள்ளைகள் பட்ட துன்பத்தை மறைத்தல் முறையாகாது. அங்குச் சேர்ந்த பிள்ளைகளுள் பலர் வறிய குடும்பத்தினர். மூன்று வேளை உணவு கிடைக்கும் என்பதற்காகவே அனுப்பப்பட்டவர்களும் உண்டு. பெற்றோரைப் பிரிந்து ஆண்டுக்கணக்கில் ஊர் ஊராகச் சுற்றினர். முறையான பள்ளிக் கல்வி அவர்களுக்குக் கிட்டவில்லை. கணக்கும் பூகோளமும் ஆங்கிலமும் கற்க வேண்டிய வயதில் இரவெல்லாம் கண்விழித்து நடித்தனர்.

எல்லாவற்றினும் கொடியது மகரக்கட்டு. பதின்மூன்று, பதினான்கு வயதில் ஆண்பிள்ளைகளுக்குக் குரல் உடையும் பருவத்தை நாடகக்காரர்கள் அவ்வாறு குறிப்பிடுவர். நேற்றுவரை கதாநாயகனாகவோ கதாநாயகியாகவோ பாடிக் கைதட்டல் பெற்ற சிறுவன், குரல் உடைந்தவுடன் மூலையில் நிற்க நேரிடும். சிலருக்கு மீண்டும் நல்ல குரல் வாய்த்தது. பலர் வேடம் இழந்து, கையில் வேறு தொழிலும் இன்றி வீடு திரும்பினர். இன்று நம் பிள்ளைகள் இடைநிலைப்பள்ளியில் முதலாம், இரண்டாம் படிவத்தில் பயிலும் வயதுதான் அது. கலை வேண்டுமா கல்வி வேண்டுமா என்ற கேள்வியை அன்றைய வறுமை அச்சிறுவர்கள் முன் வைத்தது. இரண்டும் வேண்டும் என்று சொல்லும் வாய்ப்பு அவர்களுக்கு இல்லாமற் போயிற்று.

சொல் இழந்த ஆசான்

சொல்லையே வாழ்வாகக் கொண்ட சுவாமிகளின் இறுதிக் காலம் நெஞ்சை உருக்குவதாகும். பக்கவாத நோய் அவரைத் தாக்கியது. கைகால்கள் செயலிழந்தன. பேசும் ஆற்றலும் நீங்கிற்று. ஓரிரவில் ஒரு நாடகத்தை எழுதிய கை அசைய மறுத்தது. பல்லாயிரம் பாடல்களைப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தந்த நா அடங்கிப் போயிற்று.

அந்நிலையிலும் அவர் தம் நாடகப் பிள்ளைகளை விட்டு நீங்கவில்லை. சபை சென்ற ஊர்களுக்கெல்லாம் உடன் சென்றார். ஆசானால் பேச முடியவில்லை. ஆயினும் ஒவ்வோர் இரவும் திரை உயர்ந்தபோது, அவருடைய சொற்களையே பிள்ளைகள் பேசிக்கொண்டிருந்தனர். எழுதிய சொல்லை மாற்றாதீர் என்று அவர் ஏன் அத்துணைக் கண்டிப்பாக இருந்தார் என்பது அப்போது அவர்களுக்கு விளங்கியிருத்தல் கூடும்.

1922ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 13ஆம் நாள், புதுச்சேரியில் சுவாமிகள் இறைவனடி சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 55. அவருடைய சமாதி புதுச்சேரி கருவடிக்குப்பத்தில் அமைந்துள்ளது. நாடகக் கலைஞர்கள் அங்குச் சென்று குருவணக்கம் செலுத்துவதை மரபாகக் கொண்டுள்ளனர்.

விதைத்தது வீண்போகவில்லை

1925ஆம் ஆண்டில் டி. கே. எஸ். சகோதரர்கள் மதுரை ஸ்ரீ பால சண்முகானந்த சபை என்னும் பெயரில் சொந்தக் குழுவைத் தொடங்கினர். தி. க. சண்முகம் பின்னாளில் ஔவையார் வேடத்தில் நடித்துப் பெரும்புகழ் பெற்று, ஔவை சண்முகம் என்றே அழைக்கப்பட்டார். தம் ஆசானின் நினைவைப் போற்றுவதைத் தம் வாழ்நாட் கடமையாகக் கொண்டார். மதுரைத் தமுக்கம் திடலருகே சுவாமிகளின் சிலை இன்றும் நிற்கின்றது.

சிறுவர் சபை என்னும் முறை தமிழகமெங்கும் பரவியது. எம். ஜி. இராமச்சந்திரனும் சிவாஜி கணேசனும் அத்தகைய சபைகளில் வளர்ந்தவர்களே. திரைப்படத்தில் சிவாஜி கணேசன் பேசிய தெளிந்த தமிழைக் கேட்டு வியந்த நம்மவர்கள், அத்தமிழின் வேர் சிறுவர் நாடக மேடையில் இருந்தது என்பதை அறிதல் நலம்.

தென் தமிழகத்தில் மதுரை, புதுக்கோட்டை, திண்டுக்கல் முதலிய வட்டாரங்களில் இன்றும் கோயில் திருவிழாக்களில் ஸ்பெஷல் நாடகம் நடைபெறுகின்றது. வெவ்வேறு ஊர்களைச் சேர்ந்த நடிகர்கள் ஒத்திகை ஏதும் இன்றி, அன்றிரவு மேடையிலேயே ஒன்றுகூடி வள்ளி திருமணத்தை நடத்தி முடிப்பர். முன்பின் அறியாதவர்கள் எவ்வாறு இணைந்து நடிக்க முடிகின்றது? எல்லோரிடமும் சுவாமிகளின் பாடம் இருக்கின்றது. அதுவே அவர்களைக் கட்டி நிறுத்தும் கயிறு. ஓர் ஆசிரியர் மறைந்து நூறாண்டு கடந்த பின்னரும் அவர் கற்பித்த பாடத்தை ஊர்கள் மறக்கவில்லை என்றால், அதனினும் பெரிய தேர்ச்சி வேறு எது?

நம் பிள்ளைகளுக்கு

வயிற்றுக்காகக் கற்ற கலை இன்று கல்வித் துறையில் இடம் பெற்றுள்ளது. சுவாமிகள் மறைந்த புதுச்சேரியிலேயே, அங்குள்ள பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைப் பள்ளி அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. இலங்கையில் நாடகமும் அரங்கியலும் என்பது பள்ளி மாணவர் பொதுத் தேர்வுக்குப் பயிலும் ஒரு பாடமாகவே உள்ளது. நம் நாட்டில் எஸ்.பி.எம். தேர்வுக்குத் தமிழ் இலக்கியப் பாடத்தை எடுக்கும் மாணவர், கவிதை, நாவல் ஆகியவற்றோடு நாடகம் ஒன்றையும் பயில்கின்றனர்.

எனினும் நாடகத்தைப் படித்தல் வேறு, நடித்தல் வேறு. சமையற் குறிப்பைப் படித்துப் பசி ஆறாதவாறு போல, நாடக நூலைத் தேர்வுக்காகப் புரட்டுவதால் மட்டும் நாடகத்தின் பயன் முழுமையாகக் கிட்டாது. இடைநிலைப்பள்ளிக்குச் சென்ற பின்னர் நம் பிள்ளைகளுள் பலருக்குத் தமிழ் பேசும் வாய்ப்பே குறைந்துவிடுகின்றது. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு கற்ற மொழி, அடுத்த ஐந்தாண்டில் நாவிலிருந்து மெல்ல நழுவுகின்றது. நாலு பேர் முன் நின்று தமிழில் பேச அஞ்சும் பிள்ளைகளை நாம் ஒவ்வொருவரும் கண்டிருக்கின்றோம். அவ்வச்சத்தைப் போக்கும் மருந்து சுவாமிகளின் கைப்பெட்டியில் நூறாண்டுகளுக்கு முன்னரே இருந்தது. ஒரு வேடம், ஒரு பாட்டு, பத்து வரி உரையாடல், எதிரே சில நூறு பேர். இவை போதும்.

மகரக்கட்டைக் கண்டு அஞ்ச வேண்டிய நிலை இன்றைய பிள்ளைகளுக்கு இல்லை. பள்ளியைத் துறக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. பெண் பிள்ளைகளும் ஆண் பிள்ளைகளோடு நிகராக மேடை ஏறலாம். அன்று அச்சிறுவர்களுக்கு மறுக்கப்பட்ட இரண்டையும், அதாவது கல்வியையும் கலையையும், ஒருங்கே பெறும் நற்பேறு இவர்களுக்கு வாய்த்திருக்கின்றது. வேண்டுவது பெரியோரின் ஆதரவு ஒன்றே.

திருக்கோயில் என்பது வழிபாட்டிற்குரிய இடம் மட்டும் அன்று. கலைகளுக்கு முதலில் தாழ்வாரம் தந்ததும் கோயிலே. தோட்டத்துக் கோயிலின் முன்னால், பனி கொட்டும் இரவில் பாய் விரித்து அமர்ந்து வள்ளி திருமணம் கண்ட தலைமுறையினர் நம்மிடையே இன்னும் இருக்கின்றனர். அவர்கள் நினைவில் உள்ள பாட்டும் மெட்டும் அவர்களோடு மறைந்துவிடுவதற்கு முன், இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகள் அவர்களிடம் சென்று கேட்டுக் கற்பார்களாக. திருவிழா நாட்களில் ஓரிரவேனும், ஒரு மணி நேரமேனும், சுவாமிகளின் நாடகப் பகுதி ஒன்றை அவர்கள் நடித்துக் காட்டுவார்களாக. தினைப்புனத்து வள்ளி மீண்டும் ஒருமுறை கவண் வீசி ஆலோலம் பாடும்போது, முருகப்பெருமான் மட்டுமன்றி, பேச்சிழந்தும் தம் பிள்ளைகளின் குரலில் வாழ்ந்த அந்நல்லாசானும் அங்கு எழுந்தருளுவார்.